காவிரிக்கு நடுவே நின்ற புள்ளி

சன்னலோரம் நீங்களே இருங்க தம்பி, எனக்கு இந்தப் பக்கம் போதும். காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்குங்க. ஆங், அவ்வளவுதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்குமா? நானும் அங்கதான். லால்குடியில ஏறினா இந்த நேரத்துக்கு உக்கார இடம் கெடைக்கிறதே பெரிசு.

என்ன போன்ல, மேப்பா? பஸ் எங்க போகுதுன்னு பாக்குறீங்களா? பாருங்க, பாருங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், மேப்பைப் பாக்குறது வேற, படிக்கிறது வேற. நான் சர்வேயர். நில அளவைத் துறை. இப்ப ரிட்டயர்டு. பேரு தாயுமானவன். எங்கிட்ட ஒரு படத்தைக் குடுத்தா அந்த நிலத்துல எவன் எவனோட சண்டை போடுவான்னு சொல்லிடுவேன், அப்படி ஒரு சர்வீஸு.

காதுல ஏதோ மாட்டப் போறீங்க போல. மாட்டுங்க, பரவால்ல. நான் சத்தமாத்தான் பேசுவேன், கேக்கும்.

இந்த மேப்புலயே இன்னொரு வசதி இருக்கு தெரியுமா? நம்ம வீட்டு ஆளு எங்க இருக்காங்கன்னு காட்டும். என் பொண்ணு வானதி புனேயில இருக்கா, கல்யாணமாகிப் போயிட்டா. போன வருஷம் லீவுக்கு வந்தப்ப நான்தான் சொன்னேன், "பாப்பா, காலம் கெட்டுக் கெடக்கு, அம்மா வெளியில போனா எங்க இருக்கான்னு தெரிய வேண்டாமா, போட்டுக் குடுத்துட்டுப் போ"ன்னு. அவ முதல்ல, "எதுக்குப்பா, அம்மா எங்க போகப் போறாங்க"ன்னா. அப்புறம் மூணு பேரு போன்லயும் போட்டுக் குடுத்தா. வட்டமா ஒரு புள்ளி, அதுக்குள்ள அவங்கவங்க போட்டோ. எங்க வீட்டம்மாவுக்கு வானதி கல்யாணத்துல எடுத்த படம். உம்முன்னு நிப்பா. புள்ளியா இருந்தாலும் அவதான்னு சட்டுன்னு தெரியும்.

வேவு பாக்குறதுக்கு இல்ல தம்பி. அந்தப் புத்தி எனக்குக் கெடையாது. பாதுகாப்புக்கு.

வானதியோட புள்ளியும் கொஞ்ச நாள் தெரிஞ்சுது. மத்தியானம் ஒரு ஓட்டல்ல நிக்கும், உடனே போன் போடுவேன், "வீட்டுல சமைக்கலையா பாப்பா?"ன்னு. சாயங்காலம் ஆபீஸ்லயே நிக்கும், "மாப்பிள்ளைக்கு யாரு காபி போடுவா?"ன்னு கேப்பேன். அக்கறைதானே? அப்புறம் ஒருநாள் அது மறைஞ்சு போச்சு. மாப்பிள்ளை சொன்னாரு, "மாமா, அந்தப் போனே அப்படித்தான், ரிப்பேரு"ன்னு. இத்தனை விலை குடுத்து வாங்கி என்ன பிரயோஜனம்.

எங்க வீட்டம்மா பேரு தையல்நாயகி. நான் தையல்னு கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டா. அதாவது, நான் பேசுவேன், அவ கேப்பா. நல்ல குடும்பம்னா அப்படித்தான். வேலையில இருந்த வரைக்கும் நான் காடு மேடுன்னு அலைஞ்சேன், வீட்டைப் பாக்க நேரமே இல்ல. ரிட்டயர் ஆனதும்தான் வீட்டைக் கவனிச்சேன். எவ்வளவு ஒழுங்கில்லாம கெடந்துச்சுங்கிறீங்க! சமையல்கட்டை டேப் வச்சு அளந்தேன். அடுப்புக்கும் தண்ணிக் குழாய்க்கும் நடுவுல அவ வீணா எவ்வளவு நடக்குறான்னு கணக்குப் போட்டுக் காட்டினேன். மிக்சியை இடம் மாத்தினேன். டப்பாவெல்லாம் உயர வாரியா அடுக்கினேன். உப்பு மேல போயிருச்சு, அவளுக்கு எட்டல, அது வேற விஷயம். ஸ்டூல் வாங்கிக் குடுத்துட்டேன். அவ சந்தோஷத்துல ஒண்ணுமே பேசல.

அப்புறம் கூடவே இருந்து ஒவ்வொண்ணா கேப்பேன். துவரம்பருப்பை ஏன் இவ்வளவு நேரம் ஊற வைக்கிற? கொடியில துணியை ஏன் தலைகீழா போடுற? இப்ப போன்ல யாரு, அவங்க என்ன சொன்னாங்க, நீ என்ன சொன்ன? நல்லாப் பொழுது போச்சு எங்க ரெண்டு பேருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் தம்பி, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும், "கடைக்குப் போயிட்டு வர்றேங்க"ன்னு கெளம்ப ஆரம்பிச்சா. போனா சாயங்காலம்தான் வருவா. கையில பாத்தா ஒரு கட்டுக் கீரை. கீரைக்காரம்மா எங்க தெருமுனையிலதான் உக்காந்திருக்கு. எங்க வீடு கருமண்டபம். கருமண்டபத்துல கீரை வாங்க ஒரு பொழுதா ஆகும்?

நான் கேக்கல. கேட்டா பொய் சொல்ல வேண்டி வரும், பாவம். அதான் போனைத் தொறந்து பாத்தேன்.

புள்ளி கீரைக்காரம்மாவைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கு. மத்திய பஸ் ஸ்டாண்டு, அதுக்கப்புறம் கோர்ட்டு, புத்தூர், தில்லை நகர், சத்திரம், அப்புறம் பாலம் ஏறி ஸ்ரீரங்கம். அங்க கொஞ்ச நேரம் நிக்குது. சரி, பெருமாளைச் சேவிக்கப் போயிருக்கான்னு நெனச்சா, கோயில் பக்கமே போகல. வந்த வழியே திரும்புது. மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளும்.

எதிர்வீட்டுல ஜெரால்டுன்னு ஒருத்தர், பொன்மலை ரயில்வே பணிமனையில இருந்தவரு, அவருகிட்ட காட்டினேன். அவரு பாத்துட்டு, "சார், ரோட்டோடயே போகுது, நின்னு நின்னு போகுது, பஸ் மாதிரி இருக்கே"ன்னாரு. நான் சொன்னேன், "ஜெரால்டு, பஸ்ல போறதுன்னா ஒரு இடத்துக்குப் போகணும். போயி இறங்காமயே ஒருத்தி திரும்புவாளா? மேப்பைப் பத்தி எனக்கா சொல்றீங்க?" அவரு, "இல்ல சார், ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அம்மாகிட்டயே கேட்டுடுங்களேன்"ன்னாரு. ரயில்வேக்காரங்களுக்கு எல்லாமே நேர் கோடுதான்.

நான் படிச்சேன் தம்பி. ஒவ்வொரு இடமா படிச்சேன். முதல்ல கண்ணுல பட்டது ஆஸ்பத்திரி. புத்தூர் பக்கத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல புள்ளி தினமும் நிக்குது. என்னமோ பெரிய வியாதி, எங்கிட்ட மறைக்கிறா. எனக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு தனியாப் போய் வைத்தியம் பாத்துட்டு, சந்தேகம் வரக் கூடாதுன்னு கீரை வாங்கிட்டு வர்றா. நெனச்சுப் பாருங்க. அன்னைக்கு மாதுளம்பழம் வாங்கி நானே உரிச்சுக் கிண்ணத்துல போட்டு நீட்டினேன். அவ கிண்ணத்தையும் பாக்குறா, என்னையும் பாக்குறா. "என்னங்க ஆச்சு உங்களுக்கு? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"ன்னு கேக்குறா. "எனக்கு ஒண்ணுமில்ல, நீ சாப்பிடு"ன்னேன். அவ பயந்து போய் வானதிக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல போலன்னு சொல்லியிருக்கா.

ஒரு வாரம் அவளைப் பருப்பைக் கூட ஊற வைக்க விடல. நானே சமைக்கிறேன்னு நின்னேன். அப்பப் பாத்து புள்ளி இன்னும் அதிக நேரம் வெளிய சுத்துது. அடடா, வியாதி முத்திருச்சேன்னு நெனச்சேன்.

அப்புறம்தான் கோர்ட்டைக் கவனிச்சேன். ஆஸ்பத்திரியை விட கோர்ட்டு முன்னால அதிக நேரம் நிக்குது. வக்கீல் ஆபீசெல்லாம் அந்த வரிசையிலதான். ஆஹா, இது வியாதி இல்ல, விவாகரத்து! இந்த வயசுலயா? எதுக்கு? நான் குடிக்கிறவனா, அடிக்கிறவனா? வீட்டை விட்டே நகராத ஆளு. அன்னைக்கு அவ பூரிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டிருந்தா. பக்கத்துல போய், "தையல், நாம நல்லாத்தானே இருக்கோம்?"ன்னு கேட்டேன். அவ மாவைப் பாத்தா. என்னையப் பாத்தா. "தண்ணி கொஞ்சம் அதிகமாயிருச்சு"ன்னா. இதுக்கு என்னங்க அர்த்தம்? எனக்கு அன்னைக்குப் பூரி எறங்கல.

வானதிக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "அப்பா, நானும் உங்க புள்ளியைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ரிட்டயர் ஆனதுலேர்ந்து வீட்டை விட்டு அது நகரவே இல்லப்பா. அம்மா பாவம்"ன்னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. பொண்ணு வாயாலயே வருதே. ஒழுக்கமா இருக்கிற மனுஷனோட புள்ளி அப்படித்தானே இருக்கும். அந்த "அம்மா பாவம்"ங்கிறது மட்டும் எதுக்குன்னு புரியல. சிக்னல் சரியாக் கெடைக்கல போல.

நீங்க ஏன் தம்பி சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு சிரிக்கிறீங்க? ஏதாவது வேடிக்கையா? சரி, சரி, கேளுங்க. இனிமேதான் விஷயமே.

ஆடி முடிஞ்ச சமயம். மேட்டூர்ல தொறந்து விட்டு, காவிரியில ரெண்டு கரையும் தொட்டு தண்ணி போகுது. நான் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு போனைப் பாத்துக்கிட்டிருக்கேன். புள்ளி சத்திரத்தைத் தாண்டுச்சு. மேப்புல காவிரி நீலமா இருக்கும் பாத்திருப்பீங்க. அந்த நீலத்துக்கு நட்ட நடுவுல போயி நின்னுச்சு. நிக்குது, நிக்குது, நகரவே இல்ல. நீலத்துக்கு நடுவுல உம்முன்னு அவ முகம்.

போன் போட்டேன். அடிக்குது, எடுக்கல. திருப்பிப் போட்டேன். எடுக்கல.

தம்பி, அந்த நேரத்துல எனக்கு மேப்பும் தெரியல, சர்வேயும் தெரியல. ஆஸ்பத்திரி, கோர்ட்டு, ஆறு. எல்லாம் ஒரே கோட்டுல வந்து நிக்குது. "ஜெரால்டு!"ன்னு ஒரு கத்து கத்தினேன். அந்த மனுஷன் தூங்கிக்கிட்டிருந்தவரு, கைலியோட ஸ்கூட்டரை எடுத்தாரு. நானும் கைலி. காலுல செருப்பு இல்ல. வழியெல்லாம் "என்ன சார், என்ன சார்"ங்கிறாரு. "ஆத்துல நிக்கிறா ஜெரால்டு"ன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது. அவரும் சிலுவை போட்டுக்கிட்டாரு, வண்டி ஓட்டிக்கிட்டே. அது வேற எனக்கு பயமா இருந்துச்சு.

பாலத்துக்குக் கிட்ட வந்தா வண்டியெல்லாம் நிக்குது. ஒரு வண்டி முன்னால போக முடியல. நான் இறங்கி ஓடினேன். ஓடிப் பல வருஷம் ஆச்சு. கைலியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓடுறேன், ஜனங்க பாக்குறாங்க. பாலத்து நடுவுல ஒரு டவுன் பஸ் பழுதாகி நிக்குது, ஆளுங்க எல்லாம் இறங்கி நிக்கிறாங்க. கைப்பிடிச் சுவர் ஓரமா, தண்ணியையே பாத்துக்கிட்டு, ஒருத்தி நிக்கிறா. எங்க தையல்!

"தையல்! வேண்டாம்மா!"ன்னு கத்திக்கிட்டுப் போய் அவ ரெண்டு கையையும் புடிச்சு இழுத்தேன். அவ கையில இருந்த வெள்ளரிக்காய் ஆத்துல விழுந்துருச்சு.

அவ என்னைப் பாத்தா. ஆத்தைப் பாத்தா. "இப்பத்தாங்க வாங்கினேன். மொளகாப்பொடி போட்டு"ன்னா.

எனக்கு மூச்சே வரல. "நீ, நீ குதிக்கப் போறியோன்னு"ன்னேன்.

"நான் எதுக்குக் குதிக்கணும்?"

"உம் புள்ளி ஆத்துக்கு நடுவுல நின்னுச்சே!"

"எந்தப் புள்ளி?"

அப்பத்தான் தம்பி எனக்குத் தெரிஞ்சுது, வானதி போட்டுக் குடுத்தப்ப இவ காதுல அது ஏறவேயில்லன்னு. போனை எடுத்துக் காட்டினேன். இதுதான் நீ, இதுதான் நான், பாதுகாப்புக்குன்னு வெளக்கமாச் சொன்னேன். அவ ரொம்ப நேரம் போனையே பாத்துக்கிட்டிருந்தா. அவ போட்டோவைத்தான் பாத்தா. அப்புறம் கேட்டா, "எத்தனை நாளா பாக்குறீங்க?"

"தெனமும்தான்"னேன். அவ்வளவு அக்கறையா இருந்திருக்கேன்ல, மறைக்க என்ன இருக்கு?

அதுக்குள்ள கண்டக்டர் வந்தாரு. "என்னா சார், நம்ம அம்மாவை என்ன பண்றீங்க?"ன்னு கேக்குறாரு. நான் யாருன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. "அம்மா தெனமும் நம்ம பஸ்லதான் சார் வருவாங்க. லேடீஸுக்குத்தான் டிக்கெட் ஃப்ரீ ஆச்சே. சன்னல் சீட்டாப் பாத்து உக்காருவாங்க. ஸ்ரீரங்கம் வரைக்கும் வருவாங்க, இறங்க மாட்டாங்க, அதே சீட்டுல திரும்பிடுவாங்க. கூட்டம் இல்லேன்னா மெதுவா பாடிக்கிட்டே வருவாங்க. டிரைவர் அண்ணன் ஆரன் கூட அடிக்க மாட்டாரு."

பாட்டா! எங்க வீட்டம்மாவுக்குப் பாட்டு வராது தம்பி. எனக்குத் தெரியாதா? கண்டக்டர் வேற யாரையோ நெனச்சுக்கிட்டுச் சொல்றாருன்னு விட்டுட்டேன்.

"அப்ப ஆஸ்பத்திரியில நிக்கிறது?"ன்னு கேட்டேன்.

"அங்க ஸ்டாப்பிங் சார்."

"கோர்ட்டு?"

"சிக்னல்."

ஜெரால்டு அப்பத்தான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டு வந்து சேந்தாரு. அவருக்குத்தான் எல்லாம் மொதல்லயே தெரிஞ்ச மாதிரி ஒரு மூஞ்சி.

நான் தையல்கிட்ட பொறுமையாக் கேட்டேன். "ஒரு வேலையும் இல்லாம எதுக்கும்மா பஸ்ல போயிட்டுப் போயிட்டு வர்ற?"

"காத்துக்கு."

"வீட்டுல ரெண்டு ஃபேன் இருக்கே!"

அவ ஜெரால்டைப் பாத்தா. ஜெரால்டு ஆத்தைப் பாத்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னா, "பஸ்ல யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எங்க போறேன்னு கண்டக்டர் கேப்பாரு. கடைசின்னு சொல்லுவேன். அதோட சரி. அதுக்கப்புறம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்."

சொல்லும்போது கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. எனக்கும் பாவமா போச்சு. ஜனங்க எவ்வளவு மோசம் பாருங்க. கூடப் பிரயாணம் பண்ற ஒரு பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களாம். அவ எவ்வளவு தனியா இருந்திருக்கா!

அதனால மறுநாளே நான் முடிவு பண்ணிட்டேன். இனிமே நானும் கூட வர்றேன்னுட்டேன். அவ, "வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னா. சிரமம் என்ன சிரமம், பொண்டாட்டிக்குச் செய்யாம? ஏறினோம். பக்கத்துலயே உக்காந்தேன். வழியெல்லாம் எந்த இடம் முன்ன யாருக்குப் பாத்தியப்பட்டது, எது புறம்போக்கு, எதை எவன் வளைச்சுப் போட்டான்னு ஒண்ணு விடாமச் சொல்லிக்கிட்டு வந்தேன். ஸ்ரீரங்கம் வந்ததும் இறங்காம திரும்பினோம். வர்ற வழியில விட்டுப் போனதைச் சொன்னேன். அவ சன்னல்ல தலையைச் சாச்சுக்கிட்டு வந்தா. சுகமாத் தூங்கியிருப்பா. டிரைவர் மட்டும் அன்னைக்கு என்னமோ ஆரனை அடிச்சுக்கிட்டே வந்தாரு.

ரெண்டு நாள் போனோம். அப்புறம் அவளே சொல்லிட்டா, "போதுங்க, எனக்கு ஆசை தீந்துருச்சு, இனிமே வீட்டுலயே இருக்கேன்"னு. பாத்தீங்களா? ஒரு ஆதரவா பக்கத்துல ஆளு இருந்தா எந்தக் கொறையும் சரியாயிடும்.

அது மட்டுமில்ல தம்பி, அவளுக்கு எம்மேல எவ்வளவு மரியாதை வந்துருச்சுங்கிறீங்க! லால்குடியில அவ அண்ணன் இருக்காரு. வயல்ல வரப்புத் தகராறு. அவளே போன் போட்டு, "உங்க மச்சானை விட்டா அளக்குறதுக்கு ஆளு ஏது? தெனமும் அனுப்பி வைக்கிறேன், நல்லா வச்சு வேலை வாங்கிக்குங்க"ன்னுட்டா. அது முடிஞ்சதும் அண்ணனோட சம்பந்தி நிலம். அதுக்கப்புறம் யாரோ கூட்டாளி நிலம். எங்கிருந்துதான் புடிக்கிறாளோ! காலையிலயே டிபன் பாக்ஸைக் கட்டி வாசல்ல கொண்டு வந்து குடுத்துடுறா. வேலையில இருந்தப்பக் கூட இப்படி வழியனுப்பினதில்ல.

அந்தப் புள்ளி விஷயமும் தீந்துருச்சு. நிறுத்திடவான்னு நானே பெருந்தன்மையாக் கேட்டேன். அவ, "எதுக்குங்க, இருக்கட்டும், உங்களுக்கு நிம்மதியா இருக்கும்ல"ன்னா. போனைச் சமையல்கட்டுல சார்ஜுல போட்டு வச்சிடுறா. அங்கயே கெடக்கும். நான் வயல்ல நின்னுக்கிட்டு எப்பத் தொறந்து பாத்தாலும் புள்ளி கருமண்டபத்துலதான். ஒரு இம்மி நகர்றதில்ல. மத்தியானம் போன் போட்டா எடுக்க மாட்டா. அசந்து தூங்குவா போல. வீட்டு வேலை இல்லையா, பாவம். நிம்மதியாத் தூங்கட்டும்னு வச்சிடுவேன்.

அட, பேச்சுல கொள்ளிடம் தாண்டினதே தெரியல. காவிரிப் பாலமே வந்துருச்சு. இன்னைக்கும் நெருக்கடிதான், நின்னுட்டான் பாருங்க. எதிர்ல டவுன் பஸ்ஸும் நிக்குது. அந்த மூணாவது சன்னலைப் பாருங்க தம்பி. பச்சைப் புடவை. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கிறேன்.

அப்படியே எங்க வீட்டம்மா மாதிரியே இருக்காங்க! சாடை, கொண்டை, எல்லாம். ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். போனைப் பாத்துடுறேன்.

வீட்டுலதான் இருக்கா. இதோ பாருங்க, கருமண்டபம். கண்ணு ஏமாத்திடும் தம்பி, இது ஏமாத்தாது.

அதுவுமில்லாம அந்தம்மா பக்கத்து சீட்டு அம்மாகிட்ட என்னமோ சொல்லி சிரிக்கிறாங்க பாருங்க, வாயைக் கூடப் பொத்திக்காம. எங்க தையல் இப்படியெல்லாம் சிரிக்கிற ஆளே இல்ல.